பெல் சுவிட்ச் பூட்டிய கணினி

எழும்பாத மெசினொன்றை உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பிளக், வயர், பவர் சப்ளை, ராம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டிப் பார்ப்பீர்கள். அதை நான் சொல்லித்தரப் போவதில்லை. அது புத்தகத்திலும் இருக்கிறது, உங்கள் கையிலிருக்கும் போனிலும் இருக்கிறது. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வருசக்கணக்காகக் கடை வைத்திருந்தவன் என்று என்னை உங்கள் வகுப்புக்குக் கூப்பிட்டு இந்தக் கதிரையில் இருத்தியிருக்கிறீர்கள். ஆகையால் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கேட்ட பிறகு என்னை மதிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவெடுங்கள்.

நான் சந்தேகக்காரன். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. ஆள் கடைக்குள் வரும்போதே அவன் சொல்லும் காரணத்தை நம்பக்கூடாது என்பது என் கொள்கை. "மின்னல் அடிச்சது" என்று சொன்னால் இவன் கீழே போட்டு உடைத்திருக்கிறான் என்று நினைப்பேன். "நான் ஒண்டும் செய்யேல்லை" என்று சொன்னால் நிச்சயம் ஏதோ செய்திருக்கிறான். பாதி நாள் நான் நினைத்தது சரியாகவும் இருந்தது. அதுதான் கேடு.

டவுனில் ஒரு ரியூசன் மாஸ்டர் இருந்தார். அவருடைய வகுப்பில் இரண்டு கணினிகள். ஒன்று திடீரென்று எழும்பவில்லை. கரண்ட் கூடிப்போய் எரிந்துவிட்டது என்று கொண்டுவந்தார். கழற்றினேன். உள்ளே எங்கும் கடற்கரைத் தூசி அப்பிக் கிடக்க, ராம் இருக்கும் இடம் மட்டும் துடைத்து வைத்தது போல இருந்தது. இருந்த ராமும் அந்த மெசினுக்கு உரியதல்ல. "மாஸ்டர், இது எரியேல்லை. நல்லதை எடுத்துப்போட்டுச் செத்ததைச் செருகியிருக்கினம். உங்கட வீட்டுக்கு வந்து போற ஆள், அவரிட்டயும் இதே மாதிரி மெசின் இருக்கும்" என்றேன். இரண்டே நாளில் பிடிபட்டது, மாஸ்டரின் சொந்த மச்சான். வீட்டில் பெரிய சண்டையாகி மச்சான்காரன் முகம் காட்ட முடியாமல் விடத்தல்தீவுக்குப் போய்விட்டான். நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "அவரிட்டக் கொண்டுபோனால் பிழையை மட்டுமில்லை, ஆளையே சொல்லிப்போடுவார்" என்று ஊரில் பேச்சு எழும்பியது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்து போனது. பழுது பார்க்கிறவனுக்கு ஆளைச் சொல்லுகிற வேலை எதற்கு என்று அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விசயம்.

சமாதானக் காலம் குழம்பி, ஆமிக்கும் இயக்கத்துக்கும் மறுபடியும் சண்டை மூண்டுவிட்ட நேரம். மன்னார்த் தீவிலிருந்து வெளியே போக வர ஒவ்வொன்றுக்கும் பாஸ். ஒரு நாள் விடியப்புறம் பள்ளிமுனைப் பக்கம் ஆமியின் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. என் வீடு கடைக்குப் பின்னால்தான். ட்ரக் சத்தம் கேட்டதும் நானும் மனைவியும் எழும்பி, எல்லோரும் செய்கிற வேலைகளைச் செய்தோம். அடையாள அட்டைகளை எடுத்து வைத்தோம், கதவைத் திறந்து வைத்தோம், வாசலில் வெளிச்சம் போட்டோம். அன்றைக்கு எங்கள் பக்கம் அவர்கள் வரவில்லை. வழமை போல ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தேன்.

பத்து மணியளவில் ஜீப் ஒன்று வாசலில் நின்றது. முதலில் கப்டன் ஒருவர் இறங்கினார். பின்னால் அவருக்குக் கீழுள்ள ஒரு சாஜனும் கோப்ரலும். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண். கோப்ரல் இரண்டு கையாலும் ஒரு பெட்டியை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றான்.

பெட்டியைப் பார்த்ததும் அவன் ஏன் அப்படி நின்றான் என்று எனக்கு விளங்கியது. அது கணினிதான். ஆனால் கம்பனிப் பெயர் ஒன்றும் இல்லை. கேசிங்கின் ஒரு பக்க மூடியைக் காணவில்லை, அதற்குப் பதிலாக எண்ணெய்த் தகரத்தை அளவாக வெட்டி நேராக்கிப் பூட்டியிருந்தது. போடுகிற சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளால் இரண்டு வயர் வெளியே வந்து, வீட்டு வாசலில் பூட்டுகிற கோலிங் பெல் சுவிட்ச் ஒன்றில் முடிந்திருந்தது. தகரப் பெட்டி, இரண்டு வயர், அழுத்துகிற சுவிட்ச். அந்த நாட்களில் இப்படியொன்றைக் கட்டிலுக்குக் கீழே கண்டெடுத்த படைக்காரன் பயப்படாமல் என்ன செய்வான்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

எனக்குச் சிங்களம் வரும், கொழும்பில் தொழில் பழகியவன். கப்டன் சுருக்கமாகச் சொன்னார். இந்தப் பெண்ணின் வீட்டில் எடுத்தது. கணினி என்கிறாள், கடிதம் அடிக்கிறதாம். எங்கள் ஆட்கள் போட்டுப் பார்த்தார்கள், எழும்பவில்லை. புருசனை முகாமில் வைத்திருக்கிறோம். மூன்று மணிக்கு வருவேன். மெசின் எழும்பி, உள்ளே கடிதங்கள்தான் என்றால் புருசனை விடுகிறேன். இல்லாவிட்டால் பெட்டியும் அவனும் மேலிடத்துக்குப் போவார்கள்.

சொல்லிவிட்டுக் கோப்ரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாஜன் என் வாடிக்கையாளர் கதிரையில் அமர்ந்து மடியில் ஒரு கொப்பியை விரித்தான். மேலிடத்துக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் பெயர் சிவகாமி. முப்பது வயது இருக்கும். பேச்சைக் கேட்டதுமே மலைநாட்டுச் சனம் என்று தெரிந்துவிட்டது. இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து கட்டுக்கரைப் பக்கம் குடியேறிய குடும்பம். புருசன் மாரிமுத்து வயல் வேலை, மூட்டை தூக்குகிற வேலை என்று கிடைத்ததைச் செய்கிறவன். ஒரு வருசத்துக்கு முன்னர்தான் பள்ளிமுனையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவள் சனங்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுப்பாள். கடலுக்குப் போகிற பாஸ், தொலைந்த அடையாள அட்டை, கிராம சேவகருக்கு விண்ணப்பம், இப்படி.

"இந்த மெசினை ஆர் செய்தது?" என்று கேட்டேன்.

"நாந்தாங்க அண்ணே."

"நீரோ?"

"ஆமாங்க. சமாதான நேரத்துல கோர்ஸ் படிச்சேன். ஒரு ஒப்பீஸ்ல பழைய சாமான் ஏலத்துல வித்தாங்க. மீதிய வவுனியாவுல இருக்கிற தம்பி ஒண்ணொண்ணா அனுப்புனான். ஒரு வருசமாச்சு பூட்ட."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், அந்தச் சனத்தைப் பற்றி எங்களில் பலருக்கு இருந்த இளக்காரம் எனக்கும் இருந்தது. கூலி வேலை செய்கிறவனின் மனைவி, தனியாகக் கணினி கட்டினாளாம். சாமான் ஒவ்வொன்றாகச் சோதனைச் சாவடி தாண்டி வந்ததாம். தம்பி அனுப்பினானா, வேறு யாரும் அனுப்பினார்களா? அவள் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம் என்று நினைத்தேன். கதிரையில் கொப்பியோடு ஒருவன் இருக்கும்போது யாருக்குத்தான் கை நடுங்காது என்று நினைக்கவில்லை.

அவளும் என்னை நம்பவில்லை. அதற்கு அவளிடம் காரணம் இருந்தது. என் கடைக்குப் படைக்காரர் வந்து போவார்கள், அவர்களுடைய ரீவி, றேடியோ எல்லாம் நான்தான் பார்ப்பேன். சிங்களத்தில் நான் சாஜனோடு ஒரு வார்த்தை பேசினால் அவள் இரண்டு பேருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். சாஜன் எங்கள் இரண்டு பேரையும் நம்பவில்லை. நாங்கள் தமிழில் பேசத் தொடங்கினால் பேனையைத் தட்டினான். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரன் கேட்காமலே மூன்று தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றான். இவன் எதற்கு நிற்கிறான் என்று நான் நினைத்தேன்.

வயரைக் கொடுத்துப் பெல் சுவிட்சை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. ஒரு சத்தமும் இல்லை. தகரத்தைக் கழற்றினேன்.

சொன்னால் சொல்ல வேண்டும், உள்ளே நல்ல வேலை. வயர்களை நூலால் வரிந்து ஓரமாகக் கட்டியிருந்தாள். மதர்போட் கேசிங்கில் முட்டாமல் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் அடியில் சின்னத் துண்டு வைத்திருந்தாள். பலர் அங்கேதான் பிழை விடுவார்கள். ஆனால் மதர்போட்டின் ஒரு மூலையில், சல்லிக்காசு அளவான வட்டப் பற்றரி இருக்க வேண்டிய கூடு வெறுமையாக இருந்தது.

உங்களுக்குத் தெரியும், கரண்ட் இல்லாத நேரத்தில் மெசினின் திகதியையும் நேரத்தையும் காப்பாற்றி வைப்பது அந்தப் பற்றரி. அதைக் கழற்றினால் மெசினுக்குத் திகதி மறந்துபோகும். போட்டிருந்த பாஸ்வேர்டும் போகும். என் மூக்கு உடனே வேலை செய்யத் தொடங்கியது. தானாகக் கழன்று போகிற சாமான் இல்லை இது. திகதியை அழிக்க வேண்டியவன்தான் இதை எடுப்பான். ரியூசன் மாஸ்டரின் மச்சான் கண்ணுக்கு முன்னால் வந்து போனான்.

"என்ன?" என்று சாஜன் கேட்டான். நான் குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்ததை அவன் கவனித்திருக்கிறான்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். "பற்றரி இல்லை" என்று சொல்லியிருந்தால் போதும். கண்ணால் கண்டது அவ்வளவுதான். ஆனால் என் வாய் அதோடு நிற்கவில்லை.

"பற்றரி இல்லை. யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

கெட்டிக்காரத்தனம் காட்டுகிற குரலில்தான் சொன்னேன். அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

சாஜன் கொப்பியில் எழுதினான். எழுதி முடித்து, ஒரு தரம் வாசித்து, அடியில் கோடும் போட்டான். சிவகாமிக்குச் சிங்களம் அவ்வளவு தெரியாது, ஆனால் எழுதுகிற கையைப் பார்த்தாள்.

"அண்ணே, என்ன சொன்னீங்க?"

"பற்றரி இல்லையெண்டு சொன்னனான்."

"அதுக்கு இவ்ளோ எழுதுறாரா?"

"பற்றரியை ஆர் எடுத்தது? உண்மையைச் சொல்லும்" என்று கேட்டேன், நானும் ஒரு சாஜன் போல.

"சத்தியமா தெரியாதுங்க. நேத்து ராவு வரைக்கும் நல்லா வேல செஞ்சிச்சு. காலையில நான் பைப்புக்குத் தண்ணி எடுக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள ஆமி வந்துட்டாங்க." பிறகு குரலைத் தணித்து, "நீங்க மெசினப் பாருங்க அண்ணே. என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. என் கடையில், என் மேசையில் நின்று எனக்கே வேலை சொல்லித்தருகிறாளே என்று. ஆனால் அன்று முழுதும் அந்த அறைக்குள் பேசப்பட்டதில் அறிவுள்ள பேச்சு அது ஒன்றுதான்.

பழுதுக்கு வந்திருந்த வேறொரு மெசினிலிருந்து பற்றரியை எடுத்துப் போட்டேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பு. ராமைக் கழற்றி றப்பரால் உரஞ்சிப் போட்டேன். அப்படியே. பவர் சப்ளையை மாற்றினேன். அப்படியே. மத்தியானம் தாண்டியது. இன்னும் எதையோ கழற்றி ஒளித்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தோடுதான் தேடினேன். கள்ளனைத் தேடுகிறவனுக்குப் பழுது கண்ணில் படாது. சிவகாமி சுவரோடு நின்றாள். கதிரை இருந்தும் அமரவில்லை. வைத்த தேத்தண்ணியில் ஆடை படர்ந்திருந்தது.

"மணி என்ன?" என்று சாஜன் சுவர் மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்தான். "இது நின்றுபோய்விட்டதா?"

நானும் நிமிர்ந்து பார்த்தேன். ஐந்து பத்தில் நின்றிருந்தது.

அது பழுதாகி நிற்கவில்லை. விடியப்புறம் ட்ரக் சத்தம் கேட்டதும் அதன் பற்றரியைக் கழற்றியது நான். இதே கையால். அந்தக் காலத்தில் பற்றரி என்றால் மருந்து, மண்ணெண்ணெய் போல அதற்கும் கட்டுப்பாடு. வீட்டில் நாலு பற்றரி இருந்தால் இயக்கத்தில் யாருக்குக் கொண்டுபோக வைத்திருக்கிறாய் என்ற கேள்வி வரும். ஆகையால் சுற்றிவளைப்பு என்றதும் மன்னாரில் எந்த வீட்டிலும் மணிக்கூடு, ரோச்லைற், றேடியோ எல்லாவற்றிலும் இருந்து பற்றரியைக் கழற்றி ஒளித்துவிடுவோம். என் மனைவி அரிசிப் பானைக்குள் போடுவாள். சிலர் வேலியடியில் மண்ணுக்குள் தாட்டுவார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பழக்கம் இது. நானே அன்று காலையில் செய்திருக்கிறேன். அதே காலையில் இன்னொரு வீட்டிலும் பற்றரி கழற்றப்பட்டிருக்கிறது என்றதும், எனக்குச் சதி தெரிந்ததே தவிர இது தெரியவில்லை.

"பழுது" என்றேன் சாஜனிடம். அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு மணி.

நான் மறுபடி குனிந்தேன். இப்போது கண் வேறு மாதிரிப் பார்த்தது. பற்றரிக் கூட்டுக்குப் பக்கத்தில் மதர்போட்டில் ஒரு கீறல். பழகிய கை நகத்தாலேயே அந்தப் பற்றரியைக் கிளப்பிவிடும், கீறாது. இது தடித்த இரும்பு, கரண்டிக் காம்பாக இருக்கும். கீறலில் அடுப்புக் கரி ஒட்டியிருந்தது. திகதி அழிக்கத் தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை இது. பயந்தவன் செய்த வேலை. அந்தக் கீறல் போய் முடிகிற இடத்தில் மூன்று ஊசிகள் நின்றன. அதில் இரண்டை இணைக்கிற, அரிசி அளவான பிளாஸ்ரிக் தொப்பி இல்லை. கரண்டி வழுக்கித் தட்டி விழுத்தியிருக்கிறது. அந்த ரக மதர்போட் அது இல்லாமல் எழும்பாது.

வேறொரு செத்த மதர்போட்டிலிருந்து தொப்பி ஒன்றை எடுத்துப் போட்டு, பெல் சுவிட்சை அழுத்தினேன். பீப் என்றது. திரையில் எழுத்து வந்தது. சிவகாமி சுவரைவிட்டு மேசைக்கு ஓடி வந்து, "வந்திருச்சு, வந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அவன் வீட்டுக்குப் போய்விடுவான் என்று உண்மையிலேயே நினைத்தேன்.

மூன்று மணிக்குக் கப்டன் வந்தார். சிவகாமி கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள், நான் சிங்களத்தில் சொன்னேன். கடல் பாஸ். அடையாள அட்டை. ஆஸ்பத்திரிக்குக் கொழும்பு போக அனுமதி. இருபது முப்பது பார்த்த பிறகு கப்டனுக்கே அலுத்துவிட்டது. "சரி, கடிதங்கள்தான்" என்று எழும்பினார். சிவகாமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போது சாஜன் கொப்பியை நீட்டினான். கோடு போட்ட வரியைக் கப்டன் வாசித்தார். பிறகு கதிரையில் மறுபடி அமர்ந்தார்.

"யாரோ வேண்டுமென்று கழற்றியதாக நீ சொல்லியிருக்கிறாய்."

"அது நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் சேர்."

"காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. எது பொய்?"

"பொய் இல்லை சேர். ஜீப்பில் வரும்போது கழன்று விழுந்திருக்கலாம்."

கப்டன் ஏமாறுகிற மோடன் இல்லை. கோப்ரலை அனுப்பி ஜீப்பில் பார்க்கச் சொன்னார். அவன் பாயைத் தூக்கி, சீற்றுக்கு அடியில் கைவிட்டுத் தேடிவிட்டு வந்து இல்லை என்றான். கப்டன் என்னைப் பார்த்தார். "வேண்டுமென்று கழற்றியவன் எதையாவது மறைக்கத்தான் கழற்றியிருப்பான், இல்லையா?" என்று கேட்டார். காலையில் நான் என் மனதுக்குள் சொன்ன அதே நியாயம்.

எனக்கு ஒரு வழி இருந்தது. "சேர், அந்த மணிக்கூட்டைப் பாருங்கள். அதன் பற்றரியை இன்று காலையில் கழற்றியது நான். இந்த ஊரில் எல்லோரும் பயத்தில் செய்கிற வேலை இது, இவளின் புருசனும் அப்படித்தான் செய்திருப்பான்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் அரிசிப் பானையைக் கொட்டுவார்கள். ஊர் முழுக்கப் பற்றரி ஒளிக்கிறது என்பதும் தெரியவரும். இப்படியெல்லாம் நான் அப்போது யோசித்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மை என்னவென்றால், நான் பயந்துவிட்டேன். தலை நிமிர்ந்தால் என் கண் மணிக்கூட்டுக்குப் போய்விடும் என்று மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மெசினை நீ கொண்டுபோ" என்று சிவகாமியிடம் சொல்லிவிட்டுக் கப்டன் போனார். கொப்பியும் போனது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் பாவம், தான்தானே கெட்டது.

மாரிமுத்துவை அன்று விடவில்லை. மூன்றாம் நாள் வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு தெற்கே எங்கேயோ. சிவகாமி அந்த மெசினிலேயே புருசனுக்காகக் கடிதம் அடித்து அடித்து அனுப்பினாள். மனித உரிமை ஆணைக்குழு, பிசப், எம்.பி. என்று ஒருவரையும் விடவில்லை. என் கடையைத் தாண்டித்தான் தபால் கந்தோருக்குப் போவாள். நான் நிமிர்ந்து பார்ப்பேன், அவள் பார்க்கமாட்டாள். மெசின் ஒரு தரம் பழுதாகியும் என்னிடம் கொண்டுவரவில்லை, தானே கழற்றித் திருத்தினாள் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான் தொழில் செய்த முறையை மாற்றிக்கொண்டேன். கண்டதை மட்டும் சொல்வேன். "ராம் இல்லை." "வயர் அறுந்திருக்கு." யார் எடுத்தது, ஏன் அறுந்தது என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, மெசின் எனக்கு ஆளைச் சொல்லாது" என்பேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். சந்தேகப்படுங்கள், சந்தேகம் இல்லாமல் பழுது பிடிக்க முடியாது. வயரைச் சந்தேகப்படுங்கள், பற்றரியைச் சந்தேகப்படுங்கள், முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைப் பற்றி ஒரு நினைப்பு வந்தால், அதை உங்களோடு வைத்திருங்கள். யார் எழுதிக்கொண்டு இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது.

ஒன்பது மாதம் கழித்து மாரிமுத்துவை விட்டார்கள். ஒரு நாள் முற்பகல் கடை வாசலில் வந்து நின்றான். அதற்கு முன் அவனை நான் நேரில் கண்டதில்லை, அவனாகவே பேரைச் சொன்னான். மெலிந்த, உயரமான மனுசன். இடது கையை நெஞ்சோடு மடித்து வைத்திருந்தான், அது நீளாது போல. அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"உள்ள வாங்கோ" என்றேன். கதிரையை இழுத்துப் போட்டேன். அவன் அமர்ந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒரு விசயம் கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றான். "நாந்தான் களட்டுனேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

நான் கையிலிருந்த ஸ்குரூட்ரைவரை மேசையில் வைத்தேன்.

"அவ தண்ணிக்குப் போயிருந்தா. ட்ரக்கு சத்தம் கேட்டிச்சு. கடியாரம், ரோச்சு எல்லாத்துலயும் எடுத்துட்டேன். பெட்டிக்குள்ளயும் ஒண்ணு இருக்குன்னு அவ ஒரு நாளு காட்டியிருந்தா. அதையும் கரண்டியால நெம்பி எடுத்து வேலியோரம் பொதச்சேன். ஒருத்தருகிட்டயும் சொல்லல, அவகிட்டயே சொல்ல நேரமில்ல. அங்க மொத நாளு எவ்வளவு கேட்டும் நான் வாயத் தொறக்கல. பெட்டியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் வயக்காட்டு வேலக்காரன்னே சொன்னேன். ரெண்டாவது நாளு கொப்பியக் கொண்டாந்து வாசிச்சாங்க. யாரோ வேணும்னே களட்டுனதுன்னு மெக்கானிக்கு சொல்லிட்டான்னு. ஒங்களப் பத்திதான் ஊரே பேசுமே, அவரு பாத்தா ஆளயே சொல்லிப்புடுவாருன்னு. சரி, அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சு, இனி நான் மறைச்சா சிவகாமியப் புடிச்சிருவாங்கன்னு, நாந்தான்னு ஒத்துக்கிட்டேன்."

அவன் முகத்தில் கோபம் இல்லை. கெட்டிக்காரன் ஒருவனிடம் தொழில் ரகசியம் கேட்கிறவன் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாது மாரிமுத்து" என்றேன். "அப்ப ஆரெண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. நான் சும்மா சொன்னனான்."

அவனுக்கு அது உடனே விளங்கவில்லை. மடித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு கதிரையில் முன்னால் சாய்ந்தான்.

"சும்மாவா அண்ணே?"

"ஓம்" என்றேன்.